ஊதாத பீப்பாய்

எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்குள் நுழைகிற எவரும் முதலில் குனிந்தாக வேண்டும். மரியாதைக்காக அல்ல. குடியிருப்புக் கட்டடத்தின் தரைத்தளத்தில் துணி உலர்த்தும் அறையைத்தான் மலிவாகப் பிடித்திருந்தோம். குடியிருப்பவர்கள் அங்கே துணிக்கொடி கட்டும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை காலை ஃபனிகா அண்ணன் தன் வாழ்க்கையிலேயே பெரிய துரோகத்தைப் பற்றி எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவருக்கும் என் முதலாளி வெதூரியா மேடத்துக்கும் நடுவே யாருடைய உள்பாவாடையோ சொட்டிக்கொண்டிருந்தது.

"உட்காருங்களேன்" என்றார் மேடம், சூரியகாந்தி விதை ஒன்றைப் பல்லால் உடைத்தபடி. சிகரெட்டை விட்ட நாளிலிருந்து அவருக்கு விதைதான் மூளைக்கு எரிபொருள். தோலைக் கூட்டுவது என் வேலை.

"நிக்கிறேன்" என்றார் ஃபனிகா. வலது உள்ளங்கையால் பெல்ட்டுக்குக் கீழே கால்சட்டைப் பையை அழுத்திப் பிடித்திருந்தார். பர்ஸைக் காப்பாற்றிக்கொள்கிறார் என்று நினைத்தேன். எங்களைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் நிற்பார்கள், அதனால் எனக்குக் கோபமும் வரவில்லை.

ஃபனிகாவை எங்கள் ஊர் ப்ரயிலாவில் தெரியாதவர்கள் இல்லை. அக்கார்டியன் வாசிப்பார், பாடுவார், கல்யாணத்தில் மாமனாரையும் மருமகனையும் கட்டிப்பிடித்து அழ வைப்பார். அவருடைய குழுவில் இரண்டே பேர். இன்னொருவர் தாசே. டிரம்ஸ் அடிப்பதோடு ஒயர், மைக், மூட்டை கட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. இருவரும் மூன்றாம் மாடியில் எதிரெதிர் வீடு. பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்ந்தே இருக்கிறார்கள்.

"பெரிய பெட்டியைக் காணோம்" என்றார் ஃபனிகா. "ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள்ளதான். மத்ததெல்லாம் அதுக்கு வாலு. நிலவறையில வெச்சிருந்தோம். பூட்டு பூட்டினபடியே இருக்கு. சாவி ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட. இன்னொண்ணு தாசேகிட்ட."

"தாசேகிட்ட கேட்டீங்களா?"

"கேட்கல. திருடான்னேன். படிக்கட்டுல, எல்லார் முன்னாடியும்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. தன்னோட சாவியைக் கழட்டி என் கையில வெச்சுட்டுக் கீழ இறங்கிட்டான்." "திருடலைன்னா இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே? இன்னிக்கு மத்தியானம் துறைமுக ஹோட்டல்ல கல்யாணம். வேற டிரம்ஸ்காரனுக்குச் சொல்லலாமான்னு யோசிக்கிறேன். இன்னிக்கு வேற ஆளோட மேடை ஏறிட்டேன்னா அப்புறம் அவன் மூஞ்சியில முழிக்க முடியாது. நீங்க ஆதாரம் குடுங்க, நான் மனசாட்சியோட அவனை வெட்டி விட்டுடறேன்."

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஆதாரம் வேணும்னா போலீஸுக்குப் போயிருப்பீங்க. அவர் எடுக்கலன்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னு இங்க வந்திருக்கீங்க."

ஃபனிகா உள்பாவாடையைப் பார்த்தார்.

"டோரு, டார்ச்சை எடு" என்றார் மேடம். டோரு நான்தான். மூளை அவருடையது, கால் என்னுடையது என்று எங்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை உண்டு. டார்ச்சில் பேட்டரி இல்லாததால் என் செல்போனை எடுத்துக்கொண்டேன்.

நிலவறைக்கு இறங்கும்போதே புளித்த முட்டைக்கோஸ் வாசனை மூக்கில் ஏறியது. இலையுதிர் காலம் வந்துவிட்டால் எங்கள் ஊரில் எந்த நிலவறையும் இப்படித்தான். சுவரோரம், குளிர்காலத்துக்காகக் கோஸை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட நீல பிளாஸ்டிக் பீப்பாய்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் வீட்டு நம்பரைப் பெயிண்டால் எழுதியிருந்தார்கள். ஒரு பீப்பாய்க்குள் ரப்பர் குழாயை விட்டு, கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார் முதல் மாடி அக்லயா அத்தை. உள்ளே உப்புத் தண்ணீர் கொதிப்பதுபோல் குபுகுபுவென்று குமிழியிட்டது.

"என்ன அத்தை, பீப்பாய்க்கு மூச்சு முட்டுதா?" என்றேன்.

"கிண்டல் பண்ணு. உங்கம்மா ஊதாம விட்டிருந்தா நீ கொழகொழ கோஸ் தின்னு வளர்ந்திருப்பே. தின்னுதான் வளர்ந்தியோ என்னவோ, ஆளைப் பாத்தா அப்படித்தான் இருக்கு." குழாயை உதறினார். "நான் ரெண்டு நாளைக்கு ஒருதரம் இறங்கி வந்து ஊதறேன். எல்லாரும் ஊதறாங்க. இதோ நிக்கிறாரே, இவர் பொண்டாட்டி லுச்சிகாவைத் தவிர."

"லுச்சிகா ஊதாம என்ன?" என்று ஃபனிகாவுக்குக் கோபம் வந்தது. "அவ போடுற கோஸ் இலையில கறியைச் சுருட்டி சர்மாலே செஞ்சா கல்யாண வீட்டுச் சமையல்காரனே வந்து பாத்திரத்தை நக்குவான்."

"முதல் பீப்பாயை ஊதறா. ரெண்டாவதை யார் ஊதறது? ஊரெல்லாம் உப்புப் போட்டு முடிச்சாச்சு. இவ இந்தச் செவ்வாய்க்கிழமை ரெண்டாவதா ஒண்ணைக் கொண்டாந்து வெச்சா. ரெண்டே பேர் இருக்கிற வீடு, பிள்ளைங்க இத்தாலியில. எதுக்கு ரெண்டு? சரி, எனக்கென்ன. ஊதாமக் கெடக்கேன்னு பாவம் பாத்து என் குழாயை எடுத்துக்கிட்டுப் போனேன். மாடியிலருந்து ஓடி வந்து, 'என் கோஸ் மேல கை வெக்காதீங்க'ன்னு கத்தறா. நல்லதுக்கே காலமில்லை."

எனக்கு இந்தப் பேச்சில் அக்கறை இல்லை. கோஸ் வழக்கை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு எங்கள் நிறுவனம் இன்னும் இறங்கவில்லை என்று நினைத்தேன். மேடம் மட்டும் விதை மெல்லுவதை ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி மென்றார்.

ஃபனிகா நிலவறையில் தன் வீட்டுச் சாமான் வைக்கும் மரக்கூண்டைத் திறந்தார். கட்டில் போட்டால் கதவு மூடாத அளவு இடம். ஆனால் அதற்குள் ஒரு கல்யாண மண்டபமே அடங்கியிருந்தது. டிரம்ஸ் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருந்தது. ஸ்டாண்டுகள் ஒரு கழிவுநீர்க் குழாய்த் துண்டுக்குள் நின்றன. ஒயர்கள் பழைய ஊறுகாய் வாளிக்குள் சுருண்டிருந்தன. கூரையில் அடித்த கறிக்கடைக் கொக்கிகளில் பின்னல் வேலை செய்த கம்பளிக் காலுறைகள் தொங்கின. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், உள்ளே மைக் இருந்தது.

"எல்லாம் தாசே வேலை" என்றார் ஃபனிகா. சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை வந்தது. துரோகியைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைவு வந்ததும் அதை மாற்றிக்கொண்டார். "அந்தக் காலுறையெல்லாம் அவங்கம்மாவோடது. மைக்குக்கு ஈரம் ஆகாதாம். பெட்டிக்குக்கூடப் பழைய மெத்தையைக் கிழிச்சு உறை தெச்சிருந்தான்."

"உறை எங்கே?"

"பெட்டியோட போச்சு."

"அது?" மேடம் மூலையைக் காட்டினார். குழந்தை வண்டி ஒன்றின் அடிச்சட்டம் நின்றது. மேலே குழந்தை இருக்க வேண்டிய இடத்தில் பலகை அறைந்து, பெல்ட் போட்டிருந்தது.

"பெட்டியைத் தள்ளிக்கிட்டுப் போற வண்டி. அதுவும் அவன் செஞ்சதுதான். குப்பையில கெடந்ததை எடுத்து."

"பாத்தியா டோரு?" என்றார் மேடம். "அவ்வளவு கனத்தைத் திருட வந்தவன், பக்கத்துலயே சக்கரம் வெச்ச வண்டி நிக்குது, அதை விட்டுட்டான். மெத்தை உறையை மட்டும் மறக்காம எடுத்துக்கிட்டான். என்ன தெரியுது?"

"திருடனுக்கு இடுப்பு நல்லா இருக்கு, ஆனா குளிருது."

"மடையா."

"மடையன்தான் மேடம், ஆனா எங்கிட்டயும் ஒரு ஊகம் இருக்கு." குரலைத் தாழ்த்தினேன். தாழ்த்தியதாக நினைத்தேன். "அக்லயா அத்தை. இவங்க ஒத்திகை பார்க்கிறப்பல்லாம் வீட்டைச் சூடாக்குற ரேடியேட்டர் குழாயைத் தட்டித் தட்டி நிறுத்தச் சொல்றது அவங்கதான். நாளெல்லாம் நிலவறையில இருக்காங்க. காரணமும் இருக்கு, வசதியும் இருக்கு."

"காதும் இருக்கு" என்றது என் பின்னால் ஒரு குரல்.

அத்தை குழாயோடு நின்றிருந்தார். "பீப்பாய் மேல வெச்ச கல்லையே என்னால எடுக்க முடியல, இந்த ஃபனிகாவைக் கூப்பிட்டுத்தான் எடுக்கச் சொல்றேன். அவ்வளவு பெரிய பெட்டியை நான் தூக்கிட்டேனா? வா இங்கே. மிச்சத்தை நீ ஊது. அபராதம்."

ஊதினேன். எங்கள் தொழிலில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தண்டனை கொடுப்பதை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஊதிவிட்டு மூச்சை இழுக்கும்போது குழாயை வாயிலிருந்து எடுக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. வாய் நிறைய உப்பும் குதிரைமுள்ளங்கிக் காரமும் ஏறியது. நான் இருமி முடிக்கும்வரை விசாரணை நின்றது. அத்தை மட்டும் சந்தோஷமாக இருந்தார்.

மேடம் ஃபனிகா பக்கம் திரும்பினார். "அத்தையோட கல்லை எடுத்துக் குடுத்தீங்களா?"

"போன வாரம் வரைக்கும்."

"இந்த வாரம்?"

"நேரமில்லை."

"கல்யாணத்துல பெட்டியை யார் தூக்குறது?"

"நான்தான். வண்டி வாசல் வரைக்கும்தான் வரும். மாடிப்படின்னா தோள்லதான். வேற யாரையும் தொட விட மாட்டேன். பெட்டியைத் தூக்கிட்டு முன்னால ஏறுறவன்தான் குழுத் தலைவன். எங்கப்பா அப்படித்தான் ஏறினார்." சொல்லிவிட்டு வலது கையால் மறுபடியும் பெல்ட்டுக்குக் கீழே அழுத்திக்கொண்டார்.

"துறைமுக ஹோட்டல்ல ஹால் எந்த மாடி?"

"மூணாவது."

மேடம் கையிலிருந்த விதைகளைக் கோட்டுப் பைக்குள் கொட்டினார். அவர் விதையைப் பைக்குள் போட்டால் வழக்கு முடிந்தது என்று அர்த்தம். இல்லாவிட்டால் விதை சொத்தை. இரண்டும் நடந்திருக்கிறது.

"அத்தை, குழாயைக் குடுங்க. டோரு, லுச்சிகாவோட ரெண்டாவது பீப்பாயை ஊது."

"மறுபடியுமா?"

"இந்தத் தடவை இழுக்காதே."

மூடியைத் திறந்தேன். மேலே பார்க்க எல்லாம் முறையாக இருந்தது. சோம்புத் தண்டு, சோளக் கதிர், கோஸ், அதன்மேல் பலகை, கல். குழாயை விட்டேன். முழங்கை ஆழம்கூடப் போகவில்லை, எதிலோ முட்டி நின்றது. ஊதினேன். மேலாகச் சின்னதாக ஒரு குமிழி வந்தது, அவ்வளவுதான். விரல் கணுவால் பீப்பாயைத் தட்டினேன். மேலே தண்ணீர்ச் சத்தம். கீழே மொத்தென்று அடைபட்ட சத்தம்.

"ஐயோ, இது கோஸே இல்லை" என்றார் அக்லயா அத்தை. திருட்டைவிட அது அவருக்குப் பெரிய அதிர்ச்சி.

பீப்பாயின் வாயில் அளவாக ஒரு துணி துவைக்கும் பேசின் பொருந்தியிருந்தது. கோஸும் உப்புத் தண்ணீரும் அதில்தான். அதைத் தூக்கி வெளியே வைத்தேன், கொஞ்சம் என் சட்டையிலும் வைத்தேன். கீழே பிளாஸ்டிக் தாள். தாளுக்குள் மெத்தை உறை. உறைக்குள் பெரிய பெட்டி. ஒயர் செருகும் ஓட்டை ஒவ்வொன்றிலும் ரப்பர் கையுறையின் விரலை வெட்டிச் செருகி அடைத்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஃபனிகா அந்தக் கையுறை விரல்களையே பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் வெளுத்தது.

"இது அவன் கை" என்றார். "இப்படி அடைக்கிறவன் இந்த ஊர்லயே ஒருத்தன்தான். நான் சொன்னேன்ல? சொன்னேன்ல?" ஜெயித்தவர் குரலாக அது இல்லை.

"சொன்னீங்க" என்றார் மேடம். "சரியாத்தான் சொன்னீங்க. பெட்டியை எடுத்தது தாசேதான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கட்சிக்காரர் வரும்போதே சொன்னதை, ஒரு காலை நேரத்தை வீணாக்கி, ஒரு கிழவியைப் பகைத்து, ஒரு மிடறு கோஸ் தண்ணீர் குடித்து, அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறோம். வேறு எந்த நிறுவனமும் செய்யாத சாதனை.

"ஆனா பீப்பாய் அவரோடது இல்லையே" என்று மேடம் தொடர்ந்தார். "நம்பரைப் பாருங்க. உங்க வீடு. திருடினவன் விக்கிறதுக்கு எடுத்தா வண்டியில தள்ளிட்டுப் போயிருப்பான். வண்டி இங்கேயே இருக்குன்னா பெட்டியும் இங்கேயேதான் இருக்கணும். ஈரம் படக்கூடாதுன்னு இவ்வளவு பாடுபட்டிருக்கான்னா, திருப்பிக் குடுக்கத்தான் வெச்சிருக்கான். அத்தை இந்தப் பீப்பாயைத் தொட்டதும் மாடியிலருந்து ஓடி வந்தது யாரு?"

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. லுச்சிகா நின்றிருந்தார், கையில் மாவு, கண்ணில் தண்ணீர். அவருக்குப் பின்னால், நெட்டையாக, தலை கூரையில் இடிக்காமல் குனிந்தபடி தாசே.

"நான்தான் கேட்டுக்கிட்டேன்" என்றார் லுச்சிகா. "இவரைத் திட்டாதீங்க. பீப்பாய் என் யோசனை. எங்க வீட்டுக்காரர் கோஸ் பீப்பாயை வாழ்க்கையில திறந்து பார்த்ததில்லை. தட்டுல வந்தாத்தான் அவருக்குத் தெரியும்."

"ஏன்டி?"

"ஏன்டியா? டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டேன். 'வாயு, சரியாயிடும்'னு சொன்னீங்க. குடல் இறங்கியிருக்கு, ஆபரேஷன் பண்ணணும், அதுவரைக்கும் பால் பாக்கெட்டுக்கு மேல தூக்காதேன்னு டாக்டர் சொன்னதை மறைச்சுட்டீங்க."

ஃபனிகாவின் கை தானாகப் பெல்ட்டுக்குக் கீழே போனது. அவர் பிடித்துக்கொண்டிருந்தது பர்ஸை அல்ல. என் மற்ற ஊகங்களின் கதிதான் இதற்கும்.

அவர் தாசே பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை டாக்டர்கிட்ட என்னோட வந்தது நீ ஒருத்தன்தான். இவகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினே."

"பண்ணினேன்" என்றார் தாசே. "அன்னிக்குச் சாயங்காலமே சொல்லிட்டேன். இவங்க அழுதாங்க. பெட்டியை ஒளிச்சு வெய்யி, அவர்கிட்ட சொல்லிடாதேன்னு எங்கிட்ட இன்னொரு சத்தியம் வாங்கினாங்க. காலையில நீ கத்தினப்போ யோசிச்சேன். ஒரு சத்தியத்தை ஏற்கெனவே உடைச்சாச்சு. இன்னொண்ணாவது மிஞ்சட்டும்னு வாயை மூடிக்கிட்டேன்."

"ஊர் முன்னாடி உன்னைத் திருடன்னு சொன்னேன்டா."

"காது கேட்டுச்சு. நான் டிரம்ஸ் அடிச்சு அடிச்சுச் செவிடாகிடுவேன்னு இத்தனை வருஷமா நீதான் சொல்றே. இன்னும் ஆகலை."

ஃபனிகா பீப்பாய் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்தார். அந்தக் காலையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "தப்புப் பண்ணிட்டேன் தாசே" என்றார். "படிக்கட்டுல சொன்னேன். படிக்கட்டுலயே நின்னு மன்னிப்புக் கேக்கறேன். எல்லாக் கதவும் திறந்திருக்கட்டும்." பிறகு மனைவியைப் பார்த்தார். "ஆனா இன்னிக்கு அந்தப் பொண்ணு கல்யாணம் என்ன ஆறது? பாட்டில்லாம பந்தலுக்கு எப்படிப் போவா?"

"டாக்டர் தூக்காதேன்னுதானே சொன்னார்?" என்றார் மேடம். "பாடாதேன்னாரா?"

"அதை நான் கேக்கலை."

"நான் கேட்டேன்" என்றார் தாசே. "உக்காந்து பாடலாம், கத்தாமப் பாடலாம்னார். அக்கார்டியனை நான் எடுத்து மடியில வெப்பேன், நான் திருப்பி எடுப்பேன்."

"பெட்டி? மூணு மாடி. நீ டிரம்ஸைத் தூக்கணும்."

அப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கால் என்னுடையது என்ற பாகப்பிரிவினையில் தோளைப் பற்றிப் பேச மறந்துவிட்டோம். இனி எழுத்தில் எழுதி வாங்க வேண்டும்.

துறைமுக ஹோட்டலின் படிக்கட்டு, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவரை ஒருவர் கல்யாணம் செய்துகொள்ள வேண்டிய அகலம். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினேன். முதல் மாடியில் வசை பாடினேன். இரண்டாம் மாடியில் அதற்கும் மூச்சில்லை. பின்னாலிருந்து மேடம் விதை மென்றபடி, "முழங்காலை மடக்கி ஏறு டோரு, இடுப்பை நம்பாதே" என்று துப்பறிந்துகொண்டு வந்தார். மெத்தை உறையில் ஏறியிருந்த கோஸ் வாசனைக்கு, மாடித் திருப்பங்களில் நின்ற விருந்தாளிகள் சர்மாலே வந்துவிட்டது என்று தட்டோடு வழிவிட்டார்கள்.

எனக்கு முன்னால் ஃபனிகா ஏறிக்கொண்டிருந்தார். வெறுங்கையோடு. இத்தனை வருஷத்தில் அவர் அப்படி ஏறியதே இல்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் விட்டார், எடுத்தார், பின்னால் கட்டினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றே போய்விட்டார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன், பார்க்காதது மாதிரி பெட்டியைத் தோள் மாற்றி வைத்தேன்.

தாசே டிரம்ஸை இறக்கி வைத்துவிட்டு, கழுத்தில் தொங்கிய பையிலிருந்து கம்பளிக் காலுறை ஒன்றை எடுத்தார். மைக்கோடு அதை ஃபனிகாவின் கையில் வைத்தார்.

"இதைத் தூக்கிட்டு முன்னால ஏறு" என்றார். "கனமா இருந்தா சொல்லு."

ஃபனிகா காலுறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினார்.